பிட்ச் எண்ணும் ஸ்டீல் கவுண்டர்: பள்ளிக்கூட பேஸ்பாலுக்கு வாங்கலாமா?

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வட்டமான ஸ்டீல் டப்பி. கட்டைவிரலால் அமுக்க மேலே ஒரு பட்டன், முகப்பில் கண்ணாடிக்குள் நான்கு இலக்கம், பக்கவாட்டில் திருகினால் நான்கும் பூஜ்யத்துக்கு ஓடிவிடும் ஒரு குமிழ், விரல் நுழைக்க ஒரு வளையம். பேட்டரி கிடையாது, சார்ஜ் போடும் வேலையும் கிடையாது. ஈரோட்டில் மணிக்கூண்டு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் 200 ரூபாய்க்குள் கிடைத்தது. "லோடு எண்ணறதுக்குங்களா, கோழி எண்ணறதுக்குங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். பையன் எத்தனை பந்து போடுகிறான் என்று எண்ண என்றேன். "ஓவருக்கு ஆறு பந்துதானுங்களே, அதுக்கு எதுக்குங்க மிசினு?" என்றார். நியாயமான கேள்விதான்.

நான் கோபி பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கபடி, கோகோ, எறிபந்து எல்லாவற்றோடும் சேர்த்து பேஸ்பால் டீம் ஒன்றும் என் தலையில் இருக்கிறது. கிரிக்கெட்டில் ஆறு பந்து போட்டதும் பவுலர் தானாகவே ஒதுங்கிவிடுவார். வேண்டுமென்றால் கேப்டன் அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் ஓவர் என்று ஒன்று இல்லை. மவுண்ட் என்ற மண்மேட்டில் ஏறிய பிட்சரை, அதாவது பேட்டருக்குப் பந்து போடுகிறவனை, கோச் இறக்கும்வரை எல்லாப் பந்தையும் அவனேதான் போட்டாக வேண்டும். ஆட்டத்தை விட்டு வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவன் மறுபடி உள்ளே வர முடியாது. அதனால் எப்போது எடுப்பது என்பதுதான் கோச்சின் ஆகப்பெரிய தலைவலி. அந்தத் தலைவலிக்கு இந்த டப்பி எந்த அளவுக்கு மருந்து என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டனை முழுக்க அமுக்கினால்தான் எண் மாறும். பாதி அமுக்கி விட்டால் மாறாது, அது நல்லது. 'டிக்' என்ற சத்தம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கும், மவுண்டில் நிற்பவனுக்குக் கேட்காது, அதுவும் நல்லது. ஸ்பிரிங் கொஞ்சம் கடினம். ஆனால் இரண்டு பந்துக்கு நடுவே நேரம் இருப்பதால் விரல் வலிப்பதில்லை. 59-லிருந்து 60-க்குப் போகும்போது மட்டும் பத்தாம் இடத்துச் சக்கரம் சோம்பேறித்தனமாகத் திரும்பி, மேலே பாதி ஐந்தும் கீழே பாதி ஆறுமாக நின்றுகொள்ளும். டப்பியை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். உச்சி வெயிலில் கண்ணாடி கண்ணைக் கூசும். இன்னொரு கையால் மறைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் 40 டிகிரி தாண்டும் ஈரோட்டு வெயிலில் ஸ்டீல் சுடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடையில் இன்னொரு வகையும் இருந்தது. ஜபம் எண்ண விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் டிஜிட்டல் கவுண்டர். விலை குறைவு. மைதானத்துக்கு ஆகாது. எண்ணும் பட்டனும் அழிக்கும் பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வியர்த்த விரல் எதைத் தொடும் என்று சொல்ல முடியாது. மொபைலில் ஸ்கோர் போடும் ஆப்கள் உண்டு, அவற்றில் பிட்ச் எண்ணிக்கையும் வரும். ஆனால் மாணவர்கள் பள்ளிக்கு மொபைல் கொண்டுவரக் கூடாது. என் மொபைலைக் கொடுத்தால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். ஆக ஸ்டீல் டப்பிதான்.

யார் கையில் கொடுப்பது என்பது வாங்குவதைவிட முக்கியம். கோச் கையில் இருக்கவே கூடாது. எண்ணைப் பார்க்கிற கண் பையனைப் பார்க்காது. அடுத்து போடப் போகிற பையனிடமும் கொடுக்கக் கூடாது. அவன் கையில் எண்ணிக்கை கொஞ்சம் வேகமாகவே ஓடும். எங்கள் டீமில் ஸ்கோர் எழுதும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் பொறுப்பு. பந்து கையை விட்டதும் ஒரு அமுக்கு. கோட்டுக்கு வெளியே அடிபட்டு ஃபவுல் ஆனாலும் கணக்கு, அடிபட்டாலும் கணக்கு, வைடாகப் போனாலும் கணக்கு. பேஸில், அதாவது ஓடிக் கடக்க வேண்டிய முனைகளில், நிற்கும் ரன்னரை விரட்ட எறியும் பந்து கணக்கில் சேராது. பேஸ்பாலில் இரண்டு டீமும் மாறி மாறி மூன்று பேர் அவுட் ஆகும்வரை ஆடுவது ஒரு இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் எண்ணை நோட்டில் எழுதிவிடுவாள். இந்த நோட்டு இல்லாமல் டப்பிக்குப் பாதி மதிப்புதான். ஏனென்றால் டப்பி மொத்தத்தை மட்டுமே சொல்லும். மூன்று இன்னிங்ஸில் நிதானமாகப் போட்ட 45 பந்து கையை அவ்வளவாகப் படுத்தாது. ஒரே இன்னிங்ஸில் பேஸ் முழுக்க ரன்னர்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்துப் போட்ட 30 பந்து ஆளை உருக்கிவிடும்.

சரி, எத்தனை எண்ணினால் நிறுத்த வேண்டும்? இதற்கு அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் வைத்திருக்கும் கணக்கைத்தான் நான் பின்பற்றுகிறேன். முன்பு அவர்களும் இன்னிங்ஸ் கணக்குதான் வைத்திருந்தார்கள். 2007-லிருந்து பந்துக் கணக்கு. ஒரு நாளைக்கு 9, 10 வயதுக்கு 75 பந்து, 11, 12-க்கு 85, 13 முதல் 16 வரை 95, 17, 18-க்கு 105. பேட்டர் நிற்கும்போது பாதியில் வரம்பு வந்துவிட்டால் அந்த ஒரு பேட்டரை முடித்துவிட்டு இறங்கலாம். இதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய ஓய்வுக் கணக்கு. 14 வயதுக்குள் இருக்கும் பையன் 66 பந்து அல்லது அதற்கு மேல் போட்டால் நான்கு நாள் பிட்சராக இறங்கக் கூடாது. 51 முதல் 65 வரை மூன்று நாள். 36 முதல் 50 வரை இரண்டு நாள். 21 முதல் 35 வரை ஒரு நாள். இன்னொரு விதியும் உண்டு: 41 பந்து அல்லது அதற்கு மேல் போட்ட பிட்சர் அன்றைக்குக் கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவனாக, நிற்கக் கூடாது. நம் ஊர்ப் பள்ளி டீம்களில் நன்றாக எறியத் தெரிந்த ஒருவன்தான் இருப்பான். பிட்சராக இறக்கியதும் கேட்சராக உட்கார வைத்துவிடுவோம். கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிந்துகொண்டே இருக்கிறான், பந்து போடும்போதே அடுத்த பேஸுக்கு ஓடி பேஸ் திருடுகிறவனைப் பிடிக்க முழு வேகத்தில் இரண்டாம் பேஸுக்கும் எறிகிறான் என்று யாரும் யோசிப்பதில்லை.

இந்த வரம்புகளை யாரோ குத்துமதிப்பாக வைக்கவில்லை. முழங்கையின் உள்பக்கம் ஒரு தசைநார் இருக்கிறது. எறியும்போது அதன்மேல் பெரிய இழுப்பு விழும். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு அது அறுந்துபோனபோது, ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர் அவருடைய இன்னொரு கையிலிருந்து தசைநாண் எடுத்து வைத்துத் தைத்தார். இன்றைக்கும் அந்த அறுவை சிகிச்சைக்கு அந்த ஆட்டக்காரர் பெயர்தான். அவர் திரும்பி வந்து 1989 வரை ஆடினார், தன் 288 வெற்றிகளில் 164-ஐ அதற்குப் பிறகுதான் எடுத்தார். இதைக் கேட்டுவிட்டு "அப்போ ஆபரேஷன் பண்ணினா சரியாயிரும்ல மிஸ்?" என்று என்னிடம் கேட்ட பையனும் உண்டு. 2006-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, கை களைத்த பிறகும் வழக்கமாகப் போட்டுக்கொண்டிருந்த பையன்களுக்கு அறுவை சிகிச்சைவரை போகும் வாய்ப்பு 36 மடங்கு என்று சொன்னது. பந்துகளின் எண்ணிக்கையைவிடக் களைப்புதான் அங்கே பெரிய குற்றவாளி.

இங்கேதான் டப்பியின் எல்லை வருகிறது. அது பந்தை எண்ணும். களைப்பை எண்ணாது.

போன ஆடி மாதம் தாராபுரம் பக்கம் ஒரு மைதானத்தில் மேட்ச். அந்தப் பக்கத்துக் காற்று தெரியுமல்லவா? பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று, தொப்பி தலையில் நிற்காது. எங்கள் பிட்சர் 14 வயதுப் பையன், உயரமானவன், முதல் மூன்று இன்னிங்ஸ் பந்து நூல் பிடித்த மாதிரி போனது. நான்காவதில் பந்து உயர ஆரம்பித்தது. பெஞ்சில் எல்லோரும் காற்று என்றார்கள். காற்றால் தப்பும் பந்து ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் போகும். களைப்பால் தப்பும் பந்து பெரும்பாலும் ஒரே பக்கம், எறியும் கையின் பக்கம், அதுவும் மேலே போகும். கால் சரியாக ஊன்றாமல், உடம்பு முன்னால் திறந்துகொள்ள, கை பின்னால் தங்கிவிடுவதால் அப்படி. இவன் பந்து ஒரே பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ஃபவுல்களைப் பார்த்தேன். இது பலரும் கவனிக்காத விஷயம். பந்து வேகமாக இருக்கும்போது வலது கை பேட்டர் தாமதமாகத்தான் வீசுவான், ஃபவுல் வலது பக்கம் போகும். வேகம் குறைந்ததும் அதே பேட்டருக்கு நேரம் கிடைத்துவிடும், ஃபவுல் இடது பக்கம் போக ஆரம்பிக்கும். ஸ்பீட் கன் வாங்கப் பணமில்லாத பள்ளிக்கு இதுதான் ஸ்பீட் கன். நான்காவது இன்னிங்ஸில் இரண்டு பேட்டர்கள் அடுத்தடுத்து மூன்றாம் பேஸ் கோட்டுக்கு வெளியே பலமாக அடித்தார்கள். கேட்சர் கிளவுஸில் பந்து விழும் சத்தமும் மாறியிருந்தது. முன்பு 'பட்' என்று வெடித்தது, இப்போது 'சொத்' என்று விழுந்தது. போட்டு முடித்ததும் இடுப்பை வளைத்துக் குனிகிறவன், இப்போது நிமிர்ந்தபடியே நின்றுவிட்டான். பந்தைத் திருப்பி வாங்கியதும் மவுண்டைச் சுற்றி ஒரு நடை, தொப்பியைக் கழற்றி ஒரு துடைப்பு, ஷூ லேஸைப் பார்த்தல். நேரம் கடத்துகிறான். அமெரிக்காவின் பெரிய லீகில் 2023-லிருந்து பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். பேஸில் ஆள் இல்லாதபோது 15 வினாடிக்குள் போட வேண்டும். அங்கே இந்த அறிகுறி தெரிய வழி குறைவு. நமக்குக் கடிகாரம் இல்லாததால் இது இலவசமாகக் கிடைக்கிறது.

டப்பியில் 58. வரம்பு 95.

மவுண்டுக்கு நடந்தேன். "இன்னும் போடறனுங்க மிஸ், கை நல்லாத்தானுங்க இருக்குது" என்றான். அவன் என்ன சொல்வான் என்று கேட்கவே போகக் கூடாது, அது என் வழக்கம். கேட்சரும் பக்கத்தில் வந்து நின்றான். பிட்சர் எதிரில் கேட்டால் கேட்சர் எப்போதும் "நல்லாத்தான் போடறானுங்க" என்றுதான் சொல்வான், நட்பு கெட்டுவிடும் அல்லவா? அதற்காக எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. களைப்பு தெரிந்தால் கேட்சர் குனிந்து மண் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வான். அன்றைக்கு நான் மவுண்டுக்கு வரும் முன்னாலேயே தேய்த்துவிட்டான். "கண்ணு, பந்தைக் குடு, ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போ" என்றேன். முகம் தொங்கிப்போய்ப் போனான்.

வேலியோரம் அவனுடைய அப்பிச்சி நின்றுகொண்டிருந்தார். பேரன் ஆடும் மேட்ச் எதையும் விடாதவர். "ஏனுங் டீச்சர், பையன் நல்லாத்தானுங்களே போட்டுட்டு இருக்கறான், எதுக்குங்க எடுத்தீங்க?" டப்பியை அவரிடம் காட்டினாள் ஸ்கோர் எழுதும் பெண். அதுதான் தப்பாகப் போனது. "வெறும் 58 தானுங்களா? அந்த அட்டையில 95-னு போட்டிருக்குதுங்களே!" என்றார். வரம்பு அட்டையை நான்தான் பெஞ்சுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தேன். அடுத்து வந்த பையன் முதல் பேட்டருக்கே நான்கு 'பால்', அதாவது அடிக்க வேண்டிய எல்லைக்கு வெளியே நான்கு பந்து, போட்டு இலவசமாக பேஸ் கொடுத்தான், அந்த மேட்சில் தோற்றோம். பஸ் நிறுத்தம்வரை அப்பிச்சி அந்த 58-ஐ விடவில்லை. எடுத்தது சரிதான் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். அதன் பிறகு அடுத்தவன் என்ன செய்தான் என்பதை வைத்து, நான்காவது இன்னிங்ஸில் இவன் கை எப்படி இருந்தது என்று தீர்ப்பு சொல்ல முடியாது.

இந்தப் பொருளின் உண்மையான குறை ஸ்பிரிங்கிலும் கண்ணாடியிலும் இல்லை, இதுதான்: எண் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், வரம்பே இலக்காகிவிடுகிறது. 95 என்பது அதற்கு மேல் கூடாது என்ற வேலி. அதுவரை போட்டே தீர வேண்டும் என்று பையனும் நினைக்கிறான், வீட்டாரும் நினைக்கிறார்கள், ஆட்டம் சூடாக இருக்கும்போது கோச்சும் நினைப்பார். இப்போது அட்டையை எடுத்துவிட்டு, நோட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

உலகத்திலேயே பெரிய மேடையில் இருப்பவர்களும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 2003 அக்டோபர் 16, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். ஜெயித்தால் அமெரிக்க லீகின் இறுதிக் கோப்பைத் தொடரான வேர்ல்ட் சீரிஸ் என்ற ஏழாவது ஆட்டம். பாஸ்டன் ரெட் சாக்ஸின் பெட்ரோ மார்ட்டினெஸ் ஏழு இன்னிங்ஸ் முடித்தபோது சரியாக 100 பந்து. ரெட் சாக்ஸ் அப்போது 4-2 என்று முன்னணியில் இருந்தது. வேலை முடிந்தது என்பதுபோல வானத்தைக் காட்டிவிட்டு இறங்கினார். எட்டாவதில் ரெட் சாக்ஸ் இன்னொரு ரன் எடுத்து 5-2 ஆனது. ஆனால் மேனேஜர், அதாவது தலைமை கோச், கிரேடி லிட்டில் எட்டாவது இன்னிங்ஸுக்கும் அவரையே அனுப்பினார். யாங்கீஸின் ஜீட்டர் டபுள் (ஒரே அடியில் இரண்டு பேஸ்), வில்லியம்ஸ் சிங்கிள் (ஒரு பேஸ்), ஒரு ரன். லிட்டில் மவுண்டுக்கு வந்தார், முடியுமா என்று பெட்ரோவையே கேட்டார், முடியும் என்றார் பெட்ரோ, லிட்டில் திரும்பிப் போய்விட்டார். அடுத்து மட்சுயி டபுள், பொசாடா டபுள், 5-5. அப்போதுதான் எடுத்தார், பந்து 123. பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார். லிட்டிலின் வேலையும் அந்த சீசனோடு போனது. அங்கே டப்பியும் சொன்னது, அடிபட்ட பந்துகளும் சொன்னன. களைத்தவரிடமே போய்க் கேட்டதுதான் கோளாறு. உலகத்தில் எந்த நல்ல பிட்சர் முடியாது என்று சொல்லியிருக்கிறார்?

இதற்கு நேர் எதிராக 2020 அக்டோபர் 27. டாம்பா பே ரேஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டம். ரேஸின் பிளேக் ஸ்னெல் ஆறாவது இன்னிங்ஸில் ஒருவரை அவுட் ஆக்கியபோது ரேஸ் 1-0 முன்னணி. அதுவரை ஒன்பது பேரைச் சரியாக அடிக்க விடாமலே ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியிருந்தார், கொடுத்தது இரண்டே ஹிட், ஒரு இலவச பேஸ்கூட இல்லை. 73 பந்துதான். இரண்டாவது ஹிட் விழுந்ததும் மேனேஜர் கெவின் கேஷ் அவரை எடுத்துவிட்டார். காரணம் களைப்பு இல்லை. ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிப்பார்கள் என்பது பேஸ்பாலில் நிரூபணமான கணக்கு. அடுத்து வரவிருந்த மூன்று பேரும் மூன்றாவது முறையாக வந்தார்கள். ஆனால் அந்த மூன்று பேரும் அன்றைக்கு ஸ்னெல்லிடம் ஆறு முறை வந்து ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தார்கள். பதிலுக்கு நிக் ஆண்டர்சன் பந்து போட வந்தார், டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் டபுள் அடித்தார், கொஞ்ச நேரத்தில் டாட்ஜர்ஸ் 2-1. கடைசியில் 3-1, கோப்பையும் அவர்களுக்கு. நான் கேஷாக இருந்தால் விட்டிருப்பேன். பல வருடக் கணக்கு சராசரி ஆளைப் பற்றியது. மவுண்டில் நிற்பவர் அன்றைக்குச் சராசரி ஆள் இல்லை என்று பார்த்தவர் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் கேஷை முட்டாள் என்று திட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தக் கணக்கை நம்பித்தான் அந்தச் சின்ன பட்ஜெட் டீம் அவ்வளவு தூரம் வந்தது.

எங்கள் பையன்களுக்கு இப்போது வேறு ஒரு ஆயுதம் கிடைத்திருக்கிறது. 2025 வேர்ல்ட் சீரிஸில் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து போட்டுவிட்டு, மறுநாளே ஏழாவது ஆட்டத்தில் வந்து இன்னும் 34 பந்து போட்டுக் கோப்பையைத் தூக்கினார். "அவரு போடறாருங்களே மிஸ்" என்று கேட்கிறார்கள். அப்போது அவருக்கு 27 வயது, எலும்பு முற்றிய ஆள், சீசனின் கடைசி ஆட்டம், அடுத்து மாதக்கணக்கில் ஓய்வு. உனக்கு அடுத்த வாரம் மாவட்டப் போட்டி இருக்கிறது என்பேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

வீட்டாரிடம் பேஸ்பால் கதை எடுபடாது; கிரிக்கெட்டில் சொன்னால் உடனே புரிகிறது. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் பும்ரா 150 ஓவருக்கு மேல் போட்டு 32 விக்கெட் எடுத்தார். சிட்னியில் கடைசி இன்னிங்ஸில் முதுகுப் பிடிப்பால் ஒரு பந்துகூடப் போட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனைச் சொன்னால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள், நம்ம பக்கத்துப் பையன் அல்லவா? அவரே 2021-ல் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்தான்.

மறுபடி டப்பிக்கு வருகிறேன். சில மாதம் புழங்கியதில் தெரிந்த கோளாறுகள். பக்கவாட்டுக் குமிழ் லூசாகிவிட்டது. பாக்கெட்டில் போட்டால் துணியில் சிக்கித் தானாகத் திரும்பி எண்ணை அழித்துவிடுகிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டிக் குமிழைச் சுற்றிப் போட்டதும் நின்றது. செம்மண் தூசி உள்ளே போனால் பட்டன் இறுகும்; தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும், நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தப்பாக ஒரு அமுக்கு கூடிவிட்டால் குறைக்க வழி கிடையாது. நோட்டில் ஓரமாக 'ஒன்று கழி' என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பால், ஸ்ட்ரைக், அவுட் என்று தனித்தனியாகக் காட்டும் அம்பயர் கருவி வேறு. இதை வாங்கிவிட்டு அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு பள்ளிக்கு ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். இரண்டாவது வார்ம்-அப்புக்கு. விதிப்படி ஆட்டத்தில் போட்ட பந்து மட்டும்தான் கணக்கு, வார்ம்-அப்பில் போட்டது கணக்கில்லை. நம் பையன்கள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து எதிர் டீம் பார்க்கிறது என்று முழு வேகத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது டப்பியை வாங்கிய பிறகுதான் ஆட்டம் தொடங்கும் முன்பே சிலர் 50, 60 பந்து முடித்துவிடுவது தெரிந்தது. இப்போது வார்ம்-அப்புக்கு 25-தான், அதுவும் பாதி வேகத்தில் தொடங்கி. இந்த ஒரு மாற்றத்துக்காகவே கொடுத்த காசு தகும். மேட்ச் நடுவில் டப்பி செய்கிற வேலையைவிட மேட்சுக்கு முன்னால் செய்கிற வேலை பெரிது என்பது என் எண்ணம்.

வாங்கும்போது கடையிலேயே 99-லிருந்து 100-க்குப் போகும்வரை அமுக்கிப் பாருங்கள், மூன்று சக்கரமும் சேர்ந்து திரும்ப வேண்டும். குமிழ் கையில் இறுக்கமாக இருக்க வேண்டும், வளையம் ஆடக் கூடாது. கவுண்டருக்குள் வெள்ளைச் சக்கரத்தில் கறுப்பு எண் இருப்பதையே எடுங்கள், வெயிலில் தெரியும். பில் கேட்டு வாங்குங்கள். எங்கள் அலுவலகத்தில் ஹார்டுவேர் கடை பில் என்று ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிட்சர்களின் பந்து எண்ண வாங்கியது என்று பின்னால் ஒரு வரி எழுதி, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது.